சாமி முன் வைத்த எட்டுக் குச்சிகள்

நாச்சியம்மாளுக்குப் பயம் புதிதல்ல. கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். பதினெட்டு வயதில் பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்தாள். அன்றிலிருந்து சூப்பர்வைசரைக் கண்டால் பயம், சங்கு ஊதினால் பயம், நூல் அறுந்தால் பயம், அறாமல் ஓடினால் எப்போது அறுமோ என்று பயம். இவ்வளவு பயத்தையும் சோற்றுத் தூக்குப்போசியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஒரு ஷிப்டு தவறாமல் போய் வந்தாள். அந்த மில்லில் தைரியசாலி என்று பெயர் வாங்கிய யாரும் அப்படிப் போனதில்லை.

மில்லில் எல்லாப் பயத்துக்கும் தாய்ப் பயம் ஒன்று உண்டு. அது நம்பர் கலப்பு. நூலின் பருமனை வைத்து நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கலந்து போனாலோ நெய்த துணி மொத்தமும் வரி வரியாகப் பாழ். அதனால் நூல் சுற்றும் பாபினுக்குக் கலர் வைத்திருந்தார்கள். நாற்பதுக்குப் பச்சை, அறுபதுக்குச் சிவப்பு. ஒரு தடவை பக்கத்து மெஷின் ரங்கம்மாள் கலந்துவிட்டாள் என்று அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். பதினைந்து நாள் அவள் கேட்டருகே நின்று அழுததை நாச்சியம்மாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். கலர் மாறினால் நம்பர் வேறு, கலர் ஒன்றானால் நம்பரும் ஒன்று. இந்தப் பாடம் அவள் மண்டையில் ஆணியடித்தாற்போல இறங்கிவிட்டது.

தொண்ணூற்றாறில் மில்லை மூடினார்கள். கணவன் கந்தப்பனும் அங்கேதான் பஞ்சு உடைக்கும் பிரிவில் இருந்தார். மில் போனதே தவிர அதன் தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நாலு படி ஏறினால் இழுப்பு வந்துவிடும். ஆகவே வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இனி நாச்சியம்மாள் ஒருத்திதான். இரண்டு வருடம் அங்கே இங்கே என்று அலைந்தாள். நாற்பதைத் தாண்டிய மில்காரிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள், இரண்டும் நிலைக்கவில்லை. அப்போதுதான் திருமூர்த்தி கேம் சென்டர் திறந்தான்.

திருமூர்த்திக்கு முப்பது வயது. அப்பா தோட்டத்தில் ஒரு துண்டை விற்றுக் கொடுத்ததில் கல்லூரிகள் இருக்கிற ரோட்டோரம் ஒரு மாடியைப் பிடித்து எட்டுக் கம்ப்யூட்டர் போட்டிருந்தான். காலேஜ் பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடுவார்கள். காலையில் திறந்து, கூட்டி, கம்ப்யூட்டர்களைப் போட்டு, யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். "கொஞ்சம் பயந்த ஆளா வேணுமுங்க, அப்பத்தான் எதையும் தொட மாட்டாங்க" என்று அவன் சொன்னபோது, நாச்சியம்மாளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே வாயாக அவள் பெயரைச் சொன்னார்கள்.

அவள் பயந்துகொண்டேதான் வேலையைக் கற்றாள், ஆனால் நன்றாகக் கற்றாள். கண்ணாடி போட்ட உள்ளறையில் ஒன்றிலிருந்து நாலு வரை புதுக் கம்ப்யூட்டர்கள். வெளியறையில் ஐந்திலிருந்து எட்டு வரை பழசு. பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் எண்கள் ஓடி நிற்கும். எட்டாவது வரை படித்தவளுக்கு எண் படிக்கத் தெரியாதா என்ன. உள்ளறையில் எல்லாம் 65536 என்று நிற்கும். வெளியறையில் ஏழாம் நம்பரில் மட்டும் 65536, மற்றதெல்லாம் 32768.

அது என்ன கணக்கு என்று அவள் ஒரு நாள் கிருபாசங்கரைக் கேட்டாள். உதிரிப் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிக் கொடுத்தவனும் மாதம் ஒருமுறை வந்து சர்வீஸ் பார்ப்பவனும் அவன்தான். காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்கடியில் சின்னக் கடை. அங்கே பன்னிரண்டு பெரிய கடைக்காரர்கள் அவன் வாய்ச்சொல்லை நம்பிச் சாமான் கொடுப்பார்கள், விற்றபின் அவன் கணக்குத் தீர்ப்பான். முதல் என்று அவனிடம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான்.

"அது மெமரிங்க்கா" என்றான் கிருபாசங்கர். பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கொண்டியை அமுக்கி, ஒரு சாண் நீளத்தில் பச்சைக் குச்சி ஒன்றை எடுத்துக் காட்டினான். "வெளையாட்டு மொத்தமும் ஹார்ட் டிஸ்க்ல கெடக்குது. அது உங்க மில்லு குடோன்னு வெச்சுக்கங்க. மெசினுக்குப் பக்கத்துல கூடையில பஞ்சு வெச்சுக்குவீங்கல்லங்க, அதுதான் இது. கூடை சின்னதா இருந்தா ஒவ்வொரு தடவையும் குடோனுக்கு ஓடோணும். அப்பத்தான் பெட்டிக்குள்ள கறகறன்னு சத்தம் வரும், திரையில காரு நின்னு நின்னு போகும்."

"அப்ப பெரிய கூடை வெச்சாப் போதுமுங்களா?"

"அதுமட்டும் பத்தாதுங்க. எடுத்துக் குடுக்கிற கையும் வெரசா இருக்கோணும். உள்ளார இருக்கிறது நூறு வேகம். வெளிய இருக்கிறது அறுபத்தாறு. அறுபத்தாறைக் கொண்டுபோயி உள்ளார போட்டா, ஓடற மாதிரி ஓடிப்போட்டு நடுவுல மூச்சு முட்டி நின்னுரும்."

சொல்லிக்கொண்டே அவன் குச்சியின் அடியில் இருந்த தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே அழுத்திச் செருகினான். டக்கென்று கொண்டி விழுந்தது. நாச்சியம்மாள் கூடை, குடோன் என்ற பகுதியை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். நூறு, அறுபத்தாறு என்ற பகுதி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதுபோல் ஆனது. இரண்டும் ஒரே பச்சையாக இருந்ததே, அதுதான் காரணம்.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. மில்லில் அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தன் மெஷினைத் திறந்து துடைத்து, கையில் பிடிக்கிற சாமானைச் சாமி முன் தாம்பாளத்தில் வைப்பாள். வைக்காத வருடம் மெஷினில் கை போகும் என்பார்கள். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று திருமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். நாச்சியம்மாளுக்கு முதலாளியிடம் பயம்தான், ஆனால் சாமியிடம் அதைவிடப் பயம். பெட்டிகளுக்கு வெளியே சந்தனப் பொட்டு வைத்தால் மட்டும் ஆயுதம் வைத்த மாதிரி ஆகுமா? வேலை செய்வது உள்ளே இருக்கிற குச்சியல்லவா?

திருமூர்த்தி பதினொரு மணிக்குத்தான் வருவான். இவள் ஏழரைக்கே வந்து எட்டுப் பெட்டியையும் திறந்தாள். கிருபாசங்கர் செய்தபடியே கொண்டியை அமுக்கி எட்டுக் குச்சிகளையும் எடுத்து, ரப்பரால் பல் துடைத்து, தாம்பாளத்தில் அடுக்கி, மேலே ஒரு செவ்வந்திப் பூ வைத்துக் கற்பூரம் காட்டினாள். எல்லாம் பச்சை. பச்சை என்றால் ஒரே நம்பர். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று அவள் நினைக்கவே இல்லை. கைக்கு வந்த வரிசையில் திரும்பச் செருகி மூடிவிட்டாள். பதினொரு மணிக்குத் திருமூர்த்தி வந்து பூஜை போட்டு, பொரியும் கடலையும் கொடுத்து, "நாச்சியக்கா, நோம்பிக்கு ஊட்டுக்குப் போங்க" என்றான். மனசு நிறைந்துதான் வீட்டுக்குப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை மறுநாள்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேம் சென்டரில் கார் பந்தயப் போட்டி வைத்திருந்தான் திருமூர்த்தி. நாலு கல்லூரிப் பையன்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். விஜயதசமியன்று திருமூர்த்தியே கம்ப்யூட்டர்களைப் போட்டுவைத்திருந்தான். அன்று பழகிப் பார்க்க வந்த பையன்கள் உள்ளறையில் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் கூப்பாடு போட்டார்கள். இரண்டாம் நம்பரிலும் நாலாம் நம்பரிலும் கார் நொண்டி நொண்டிப் போனது. மூன்றாம் நம்பரில் நன்றாகப் போய்க்கொண்டே இருந்து பாதிப் பந்தயத்தில் திரை கல்லாய்ச் சமைந்து நின்றது. திருமூர்த்தி இரண்டாம் நம்பரை நிறுத்தித் திரும்பப் போட்டான். 32768 என்று நின்றது. நாலாம் நம்பரும் அதேதான்.

அவன் முகம் மாறியதை நாச்சியம்மாள் பார்த்தாள். போன மாதம், மெமரி செய்கிற தைவானில் பூகம்பம் வந்ததிலிருந்து மெமரி விலை எங்கோ போய்விட்டது என்று அவன் தினமும் புலம்பிக்கொண்டிருந்தவன். போன வாரம்தான் கிருபாசங்கர் வந்து சர்வீஸ் பார்த்தான். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று திருமூர்த்தி கூட்டிவிட்டான்.

"பெருசை எடுத்துப்போட்டுச் சின்னதை வெச்சிருக்கறான். மூணாம் நம்பர்ல டூப்ளிகேட்டு" என்றான். வெளியறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் அன்றைக்கு என்றுமில்லாத சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. நோவு சொல்லாத மாட்டுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சாயங்காலமே காந்திபுரம் போய், கிருபாசங்கரின் கடை முன்னால் நின்று, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கத் திட்டினான். நான் வந்து பார்க்கிறேன் என்று அவன் சொன்னதற்கு, என் கடைப் படியில் கால் வைக்காதே என்றான். சனிக்கிழமைக்குள் மூன்று குச்சியும் வந்து சேராவிட்டால் சாமான் கொடுக்கிற எல்லாக் கடையிலும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். இதையெல்லாம் திரும்பி வந்து நாச்சியம்மாளிடம் பெருமையாகவும் சொன்னான்.

அப்போதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், நல்ல பையனாக இருந்தானே, இப்படிச் செய்துவிட்டானே என்றுதான் நினைத்தாள். புதன்கிழமை காலையில் வெளியறைக் கம்ப்யூட்டர்களைப் போட்டபோது ஆறாம் நம்பர் திரையில் 65536 என்று நின்றது. கையில் இருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. எட்டாம் நம்பரைப் போட்டாள். அதிலும் 65536.

கூடை மாறியிருக்கிறது. கிருபாசங்கர் மாற்றவில்லை, இவள் மாற்றியிருக்கிறாள். நம்பர் கலப்பு.

இருபத்திரண்டு வருடம் மில்லில் செய்யாத தப்பை இங்கே ஒரே காலையில் எட்டு முறை செய்திருக்கிறாள், அதுவும் கற்பூரம் காட்டி. சொன்னால் வேலை போகும். வேலை போனால் கந்தப்பனுக்கு மருந்து இல்லை. சொல்லாவிட்டால் அந்தப் பையன் பிழைப்புப் போகும். அன்று முழுவதும் யார் படியேறி வந்தாலும் கிருபாசங்கரோ என்று எட்டிப் பார்த்தாள். பையன்கள் தண்ணீர் கேட்டால்கூட, தெரிந்துதான் கேட்கிறார்களோ என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டில் கந்தப்பனிடம் மட்டும் சொன்னாள். அவர் நெடுநேரம் இருமிவிட்டு, "இந்தா பாரு அம்மணி, மாத்துனது நீதான? நீயே மறுக்கா மாத்தி வெச்சுப்போடு. யாருக்கும் தெரியாம போயிரும்" என்றார். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. பயந்தவர்களுக்கு யாருக்கும் தெரியாமல் முடிகிற எதுவும் சரி என்றுதான் படும்.

வியாழக்கிழமை ஆறரைக்கே போனாள். கதவை உள்ளே தாழிட்டாள். எண்ணைப் பார்த்துப் பார்த்து இரண்டாம் நம்பர் குச்சியை ஆறிலும் ஆறில் இருந்ததை இரண்டிலும் போட்டாள். அதேபோல நாலையும் எட்டையும் மாற்றினாள். ஒரு குச்சி நழுவித் தரையில் விழுந்தபோது உயிரே போய் வந்தது. பிறகு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். எண்கள் எல்லாம் பழையபடி இருந்தன. ஆனால் எண்ணை மட்டும் நம்புவதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே நாற்காலியில் உட்கார்ந்து கார் பந்தயத்தைப் போட்டாள்.

வருடம் முழுக்கப் பையன்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள். எந்தச் சாவியை அமுக்கினால் கார் திரும்பும் என்று தெரியும். ஒன்றும் இரண்டும் நாலும் தண்ணீர்போல ஓடின. மூன்றாம் நம்பரில் ஏறினாள். கார் போனது, மரங்கள் பின்னால் ஓடின, வளைவு வந்தது, திரும்பினாள், இன்னொரு வளைவு, அங்கே திரை அப்படியே நின்றது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை வேறோர் இடத்தில் நின்றது. பெட்டிக்குள் கறகற சத்தம் இல்லை. அப்படியானால் கூடை போதும். எடுத்துக் கொடுக்கிற கைதான் வெரசு இல்லை. அன்றைக்கு இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டது இப்போது வந்து நின்றது.

வெளியறையில் பெரிய எண் உள்ளது ஏழாம் நம்பர் மட்டும். அதன் குச்சிதான் உள்ளே வந்திருக்க வேண்டும். அளவு ஒன்று, கலர் ஒன்று, வேகம் வேறு. மூன்றையும் ஏழையும் மாற்றினாள். பிறகு மூன்றாம் நம்பரில் ஐந்து பந்தயம் ஓட்டினாள். எதிலும் கார் கடைசியாகத்தான் வந்தது, ஆனால் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நெற்றி வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டிகளை மூடினாள். கதவைத் திறந்தபோது மணி ஒன்பது.

பத்து மணிக்குத் திருமூர்த்தி வந்தான். வந்ததும் இரண்டாம் நம்பரைப் போட்டுப் பார்த்தான். நாலைப் போட்டான். மூன்றில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஓட்டினான். எழுந்து வந்து, சிரிப்பும் கோபமும் கலந்த ஒரு முகத்தோடு நாச்சியம்மாளைப் பார்த்தான்.

"கிருபா வெடியால, நான் வர்றதுக்கு முந்தியே வந்தானுங்களாக்கா?"

அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"நான் படியில கால் வெக்காதேன்னு சொல்லியிருந்தனல்ல. எனக்குத் தெரியாம நீங்க வரும்போது வந்து வெச்சுப்போட்டுப் போயிருக்கறான். சொல்லாதீங்கன்னு கெஞ்சுனானா? பயப்படாதீங்க, உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். வந்தானல்லங்க?"

"ம்" என்றாள் நாச்சியம்மாள்.

ஒரே ஓர் எழுத்து. அதுவும் வாய்கூடத் திறக்காமல் மூக்கால் சொல்கிற எழுத்து. அதைச் சொன்ன அந்த நொடியில் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். திருமூர்த்தி சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் போனான். திருடினவனே திருப்பி வைத்ததை எங்கள் கடை அக்கா கண்ணால் பார்த்தாள் என்று நான்கு கடையில் சாட்சியோடு சொல்லிவிட்டு வந்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பொழுதடைவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிருபாசங்கர் வந்தான். மாடி ஏறவில்லை. படிக்குக் கீழே ரோட்டில் நின்றபடி, தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்த நாச்சியம்மாளைப் பார்த்தான். அவளுக்குக் குடம் இடுப்பில் நிற்கவில்லை, கீழே வைத்துவிட்டாள். கத்துவான், நாலு பேர் கூடுவார்கள், எல்லாம் வெளியே வரும் என்று பயந்தாள். அவன் கத்தவில்லை.

"அக்கா, நான் வந்தேன்னு சொன்னீங்களாமா?"

அவள் குனிந்து குடத்தைச் சுவரோரமாய் நகர்த்தி வைத்தாள்.

"வேற யாராச்சும் வந்தாங்களாங்க? வெளிச்சம் பத்தாம என்னைய மாதிரி தெரிஞ்சிருக்குமுங்களா?"

தப்பிக்க அவனே ஒரு வழி திறந்து கொடுக்கிறான். இவள் அதில்கூட நுழையவில்லை. "எனக்குத் தெரியலைங்க தம்பி" என்றாள்.

"சரிங்க்கா. தனபாலண்ணன் கடையில குடுத்த சாமானெல்லாம் திருப்பி எடுத்துட்டாங்க. மத்தவீங்களும் நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தேன்." போகத் திரும்பினான். "உங்களுக்கு எதாச்சும் தொந்தரவுன்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் தனக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் பயந்திருந்தவளுக்கு, தன்னையே பார்க்கப் பயமாக இருந்தது. ரங்கம்மாளைப்போலக் கேட்டுக்கு வெளியே ஓர் ஆளை இவள் கையாலேயே நிறுத்தியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பையன்கள் குறைந்த நேரம் பார்த்துத் திருமூர்த்தியின் மேசை முன்னால் போய் நின்றாள். ஆயுத பூஜையிலிருந்து "ம்" வரை, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் சொன்னாள். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லி முடித்ததும், "நாளையிலிருந்து வர வேண்டாமுங்களா?" என்று கேட்டாள்.

திருமூர்த்தி கெட்டவன் அல்ல. முகம் நன்றாகவே வெளுத்திருந்தது. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஏனுங்க்கா, இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எங்கூட்டுக்காரருகிட்ட மட்டுமுங்க."

"அதோட இருக்கட்டும். நான் காந்திபுரத்துல நின்னு திருடன்னு சொல்லிப்போட்டேன். இப்பப் போயி நாந்தான் தப்புன்னு சொன்னா எனக்கு எவன் மருவாதி தருவான்? ஞாயித்துக்கெழமை போட்டி வேற. கிருபாவுக்கு அப்பறமா நான் எதாச்சும் பண்ணறேன். நீங்க வழக்கம்போல வாங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

மூன்று நாளாக அவள் சாமியிடம் கேட்டது இதைத்தான். வேலை போகக் கூடாது. போகவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நிம்மதி வரவில்லை. கந்தப்பன் இழுப்புக்கு நடுவில் மூச்சைத் தேடுவாரே, அப்படி இவளும் தேடினாள். வேலை இருக்கிறவரை வாயைத் திறக்க முடியாது. திறக்காதவரைதான் வேலை. இனி தினமும் காலையில் எட்டுத் திரையிலும் எண் சரியாக நிற்கும், அவள் மட்டும் அதைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பாள்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போலத் திறந்தாள், கூட்டினாள், கம்ப்யூட்டர்களைப் போட்டுப் பார்த்து நிறுத்தினாள். பிறகு கதவைப் பூட்டி, சாவியைக் கீழே டீக்கடையில் கொடுத்து, மொதலாளி வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் ஒன்றும் இல்லை, இருந்தும் பயந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். கண்டக்டர் என்னம்மா இறங்கறீங்களா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டான்.

தனபாலின் கடை பெரியது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, ஏழெட்டுப் பேர். கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ, உள்ளே இருந்த ஒருவன்தான் வந்து இழுத்துத் திறந்தான். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு தனபால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணுமுங்கம்மா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. நான் பீளமேட்டுல கேம் சென்டர்ல வேலை செய்யறனுங்க. கிருபாசங்கரு தம்பி மெமரியத் திருடலைங்க. நாந்தான் பெட்டியத் தொறந்து மாத்திப்போட்டேன். நானே திருப்பி வெச்சேன். அந்தத் தம்பி வரவே இல்லைங்க. வந்தாருன்னு நான் பொய் சொன்னனுங்க."

தனபால் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார், வெளுத்துப்போன சேலையைப் பார்த்தார்.

"எத்தனை குடுத்தாப்புல?" என்று கேட்டார்.

"என்னுங்க?"

"கிருபா. இப்படிச் சொல்லச் சொல்லி எத்தனை குடுத்தாப்புலன்னு கேக்கறேன். மெமரியக் கழட்டி மாத்தற ஆளு மாதிரியாங்க இருக்கறீங்க நீங்க?"

யாரோ சிரித்தார்கள். இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. வேலை போகும், திட்டுவார்கள், போலீஸ்கூட வரலாம் என்று எதற்கெல்லாமோ பயந்து வந்தவள், நம்ப மாட்டார்கள் என்று பயப்பட மறந்திருந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மொதலாளியக் கேளுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நேத்து அவருகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. போன் பண்ணிக் கேளுங்க."

தனபால் டயரியைப் புரட்டி எண்ணைச் சுழற்றினார். "திருமூர்த்தி, உங்க கடையம்மா இங்க வந்து நின்னுட்டு இருக்கறாங்க. நாந்தான் மெமரிய மாத்தினேங்கறாங்க. கிருபா வரவே இல்லையாமா. நெசந்தானா?"

மறுமுனையில் சத்தமில்லை. தனபாலின் புருவம் மெல்ல மேலே ஏறியது. பிறகு போனை நாச்சியம்மாளிடம் நீட்டினார். "உங்களைக் குடுக்கச் சொல்றாருங்க" என்றார். 'கடையம்மா' என்றபோதிருந்த இளக்காரம் இப்போது அவர் குரலில் இல்லை.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள்.

"அக்கா" என்றான் திருமூர்த்தி. அவன் குரல் கெஞ்சியது. "பேசாம வந்துருங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. இப்ப பஸ் ஏறி வந்துட்டீங்கன்னா வேலை அப்படியே இருக்குது. இல்லீன்னா எனக்கு வேற வழியில்லைங்க்கா."

கந்தப்பனின் மருந்துச் சீட்டு நாச்சியம்மாளின் இடுப்புச் சுருக்குப்பையில் மடித்து வைத்தபடி இருந்தது. கடையில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரலைங்க" என்றாள். "இன்னும் பதினொரு கடை இருக்குதுங்க."